ஞாயிறு சாட்சிக்கு முதல் நாள்

வாலிபர் ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி பாஸ்டர் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

1. வேலையில் சேர்ந்தது

தையல் பக்டரியில் இருந்து பென்ஷன் எடுத்து வீட்டில் இருந்தேன். சபையின் யூத் லீடர் டொரண்டோவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"அன்ரி, ஆள் கிடைக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமையளில பிள்ளையளோட இருங்கோ."

"இருந்து என்ன செய்யிறது?"

"சும்மா இருந்தாக் காணும்."

சும்மா இருக்கச் சொல்லி என்னை யாரும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை. ஒத்துக்கொண்டேன். அவர் இன்னும் ஆள் தேடுகிறார்.

மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம், ஒரு பிரெஞ்சுச் சபையின் பேஸ்மென்டில்தான் மீட்டிங். பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் கதைத்தார்கள், என்னைப் பார்த்ததும் போனைப் பார்த்தார்கள். ஒரு பொடியன் பைபிளை நீட்டி, "இண்டைக்கு ரோமர் நிருபம், அன்ரி. விளங்கப்படுத்துங்கோ," என்றான்.

"எனக்கும் விளங்கினதில்லை. வா, ரோல்ஸ் சுத்துவம்."

ரோல்ஸ் என்றால் கிழங்கு வைத்துச் சுற்றிப் பொரிக்கிற எங்கள் பலகாரம்; கை மாவில் இருந்தால் போன் எடுக்க முடியாது. வேறு வழியில்லாமல் கதைத்தார்கள்.

2. ஜெபக்குறிப்பு

எங்கள் சபைப் பெரியவர்களிடம் ஒரு இரகசியத்தைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபிப்பார்கள். "ஆண்டவரே, மொன்ட்ரியால்-நோரில மூண்டாம் மாடியில இருக்கிற தங்கச்சியின்ர மகன் சிகரெட்டை விட உதவி செய்யும்." ஆண்டவருக்கு விலாசம் தெரியாது என்று நினைப்பு.

அதனால் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் ஜெபக்குறிப்பு கேட்டால் எல்லோரும் "எக்ஸாம்" என்பார்கள். ஜூலை மாதத்திலும் எக்ஸாம்தான்.

என் ஜெபம் சின்னது. "ஆண்டவரே, உமக்குத் தெரியும். ஆமென்." பாஸ்டர் அதை ஆழமான ஜெபம் என்றார். எனக்கு அதற்கு மேல் ஜெபிக்கத் தெரியாது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளைகள் ஒவ்வொருவராக என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்காரத் தொடங்கினார்கள்.

3. ஷரன்

இந்தக் கதையை எழுதலாம் என்று தாயும் மகளும் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ரோல்ஸை ரஸ்க் தூளில் பிரட்டிக்கொண்டே ஷரன் சொன்னாள்: "அன்ரி, எனக்கு யூனிவர்சிட்டியில பார்மசி கிடைக்கேல்லை."

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"கிடைச்சிட்டுது எண்டு சொல்லிட்டன். அம்மா ஞாயிறு சாட்சி சொல்லப் பேர் குடுத்திட்டா. பட்டுச் சாறியும் எடுத்திட்டா."

சாட்சி என்றால் சபைக்கு முன்னால் மைக்கைப் பிடித்து நன்றி சொல்வது. சொன்னால் சொன்னதுதான், திருப்பி எடுக்க முடியாது. அதற்குப் பிறகு ஷரன் ஒவ்வொரு நாளும் பையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏற வேண்டும்.

"லைப்ரரியில இருக்கலாம் எண்டு யோசிச்சன்," என்றாள்.

"எத்தினை வருசம்?"

"நாலு."

"பிறகு ஆருக்கும் மருந்து குடுப்பியோ?"

சிரித்தாள். பிறகு அழுதாள். அந்த ரோல்ஸுக்கு உப்புப் போடத் தேவையில்லாமல் போய்விட்டது.

"நீங்களே அம்மாட்டச் சொல்லுங்கோ, அன்ரி."

"நான் சொன்னா அது ஊர்க்கதை. நீ சொல்லு. நான் பக்கத்தில இருக்கிறன்."

சனிக்கிழமை லவாலில் இருக்கும் ஷரன் வீட்டுக்குப் போனேன். தாய் ஜெயந்தி தேத்தண்ணி தந்தாள். ஷரன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஜெயந்தி முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"வேற ஆருக்குத் தெரியும்?"

"ஆண்டவருக்கு. அவர் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் போல."

பிறகு மகளிடம் திரும்பினாள். "ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அழுவீங்கள் எண்டு பயந்தனான்."

"இப்பவும் அழுறன்தானே," என்று ஜெயந்தி அழுதாள். மகள் போய்க் கட்டிப் பிடித்தாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அதுவும் ஒரு வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தியின் பேரைக் கூப்பிட்டார்கள். பட்டுச் சாறியோடு போய் மைக்கைப் பிடித்தாள். ஷரன் என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"என்ர முழங்கால் நோ குறைஞ்சிருக்கு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

திரும்பிப் போய்க் கதிரையில் இருந்துவிட்டாள். "முழங்காலுக்கோ பட்டுச் சாறி?" என்று பின் வரிசையில் ஒரு அக்கா கேட்டார். நோ உண்மையாகவே குறைந்திருந்தது. விசாரித்துவிட்டேன்.

4. வயதெல்லை

பக்டரியில் நான் வராவிட்டால் என் மெஷினில் இன்னொருத்தி இருப்பாள். இங்கே ஒரு வெள்ளி தடிமன் காய்ச்சல் என்று வீட்டில் படுத்தேன், பிள்ளைகள் மாறி மாறி எனக்குப் போன் அடித்தார்கள். வேலைக்குப் போன காலம் முழுவதும் யாரும் அப்படித் தேடவில்லை.

சாட்சிக்கு அடுத்த வெள்ளி, ஷரனை இறக்கிவிட வந்த ஜெயந்தி திரும்பிப் போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு ரோல்ஸ் மேசைக்கு வந்து நின்றாள்.

"அன்ரி, எனக்கும் ஒரு விசயம் சொல்லக் கிடக்கு."

"இது இருபத்தஞ்சு வயசுக்குள்ள ஆக்களுக்கு," என்றேன்.

அவள் போகவில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன். நீங்களும், பிள்ளைகளே, இந்த வேலைக்கு வந்தால் கதிரையை இழுத்துப் போடுங்கள். கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.