எட்டாம் கட்டிலின் பதில்

நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், மதியம் 2.10க்கு.

தலையில் அடிபட்ட குழந்தைகளுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று ஆராயும் பிரிவில் நான் டெக்னீஷியன். சத்தம் புகாத, கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் குழந்தை ஹெட்ஃபோனோடு உட்காரும். 'பீப்' கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்தும். வெளியே என் மேசையில் பச்சை விளக்கு எரியும்.

அன்று காலை எட்டாம் கட்டில் சிறுமியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். ஆறு வயது. ஐந்து மாதமாகக் கண் திறந்தபடி அசையாமல் கிடப்பவள். ஒருமுறைகூட அழுத்தவில்லை.

"பதில் இல்லைன்னு எழுதும்மா. ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடலாம்," என்றார் பெரிய டாக்டர், அவள் தலைக்கு மேலேயே. "இது தேறாது."

அவளுடைய அம்மா என்னைத்தான் முறைத்தாள். "அவளுக்குக் கேக்குது. கைதான் வரல. உங்களுக்குத்தான் காது கேக்கல."

எனக்கு எரிச்சல். எழுதிவிட்டேன்.

மதியம் கருவியைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். அறை காலி. கதவு சாத்தியிருந்தது. ஒரு பீப் அனுப்பினேன்.

பச்சை விளக்கு எரிந்தது.

வயர் கோளாறு என்று நினைத்தேன். ஒலியைக் குறைத்தேன். எரிந்தது. இன்னும் குறைத்தேன்... எரிந்தது. எதுவும் அனுப்பாமல் காத்திருந்தேன். எரியவில்லை. கோளாறு இப்படிக் காது கொடுத்துக் கேட்குமா?

உள்ளே போய்ப் பார்த்தேன். பொத்தான் ஆணியில் தொங்கியது. அதன் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கதவை இறுக்கிச் சாத்தினேன்.

திரும்ப வந்து உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"யாரு?"

டக்.

விளக்கு எரிந்தது. அந்த அறைக்குள் நாற்காலியே விழுந்தாலும் வெளியே கேட்காது. ஆனால் கேட்டது.

டக். டக். டக்.

வேகமாக. கோபமாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி... என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

டக்டக்டக்டக்...

"போதும்," என்றேன். "நிறுத்து."

நின்றது.

மணி 2.32.

மறுநாள் காலை வார்டு நர்ஸ் வந்தார். அவர் முகமே சரியில்லை.

"எட்டாம் கட்டில் பாப்பா, நேத்து மதியம்... அஞ்சு மாசமா அசையாத கட்டைவிரல், இருபது நிமிஷத்துக்கு மேல மெத்தைய அழுத்திக்கிட்டே இருந்துச்சு. அவங்க அம்மா டாக்டரைக் கூப்பிட ஓடினாங்க. அவர் வர்றதுக்குள்ள விரல் நின்னுடுச்சு."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு முப்பத்திரெண்டு. மூச்சும் அப்பவே நின்னுடுச்சு."