குளவிக்காரி புருஷன்

தெருவில் அவளுக்குக் குளவிக்காரி என்றே பேர். அவள் புருஷன் தையல்காரருக்கு அது சுருக்கென்று தைக்கும். கடைக்கு வருகிறவர்கள் "வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "ஆபீஸ் வேலை" என்று முணுமுணுத்துவிட்டு மிஷினை வேகமாக மிதிப்பார். ஆபீஸாவது மண்ணாவது! வீட்டுப் பின் அறை முழுக்கப் புழு டப்பாதான்.

கிடங்குகளில் தானியத்தைப் பாழாக்கும் புழுக்களை ஒழிக்கிற பொடிக் குளவிகளை அவள் வளர்க்கிறாள். இத்தனை காலம் அடுத்தவர் பண்ணையில் கூலிக்கு. இப்போதுதான் சொந்தமாக ஒரு பெரிய கிடங்குக்குத் தர ஒத்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை குளவி வரலைன்னா கிடங்குக்காரர் பழையபடி விஷப்புகைக்கே போயிடுவார். அப்புறம் என்னை யார் நம்புவா?" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

அவள் வெளியே போன நேரம் பார்த்து மனுஷனுக்கு உதவி செய்கிற ஆசை வந்து தொலைத்தது. டப்பாவைத் திறந்தால் புழு ஒன்றும் அசையவில்லை. ஐயோ, செத்துப்போச்சே, நாறுமே என்று அத்தனையையும் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டார்.

"அடப்பாவி மனுஷா! செத்துப்போச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" திரும்பி வந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கூடையிலிருந்து ஒரு புழுவை எடுத்து, பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தாள். "முதுகைப் பாருங்க."

தோலுக்கடியில் ஒரு கோடு விட்டுவிட்டுத் துடித்தது. புழுவின் மேல் சின்னச் சின்ன வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தன.

"அது இதயம். குளவியோட விஷம் புழுவைக் கொல்லாது, முடக்கிப் போட்டுடும். புழு துள்ளினா மேல இருக்கிற குளவி முட்டை உதிர்ந்துடும். செத்து அழுகினா குஞ்சு எதைத் தின்னு வளரும்? பிள்ளைங்க கூடு கட்டுற வரைக்கும் சாப்பாடு கெடாம இருக்கணும்னுதான் அம்மாக்காரி கொட்டி வச்சிருக்கா."

"அடேயப்பா!" இந்த வேலையையா இத்தனை வருஷம் மூடி மறைத்தோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு தெரிந்தவள் என் பெண்டாட்டியா என்று பெருமையும் பொங்கியது.

ஊசிக் காதில் நூல் கோக்கிற கை வேலையில் இறங்கியது. குப்பைக்கு நடுவே உட்கார்ந்து, முட்டை உதிராமல், மெல்லிய தூரிகையால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இவ்வளவு பொறுமை இருக்கிற கைக்கு என் துணியை மட்டும் ஏன் தைக்க முடியல?" என்று அந்த நிலைமையிலும் அவள் குத்திக்காட்டினாள்.

உதிர்ந்தது உதிர்ந்ததுதான். மீதி முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் கொழுக்கக் கொழுக்கப் புழுக்கள் வற்றின. பக்கத்திலேயே வெள்ளைக் கூடுகள் முளைத்தன. தையல்காரர் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து வந்து எட்டிப் பார்த்தார். ஒரு காலையில் டப்பாவெல்லாம் குளவி மொய்த்தது. கிடங்குக்கு நானேதான் கொண்டுபோவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கிடங்கு வாசலில் காவலாளி மறித்தார். "யாருங்க நீங்க?"

தையல்காரர் டப்பாக்களை மார்போடு அணைத்துக்கொண்டார். தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"குளவிக்காரி புருஷன்!"