பீப் அடிக்காத கால்

போன சனிக்கிழமை தில்லி ஓக்லாவில் ஒரு பட்டறையில் என் கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

இருபத்தெட்டு வருஷமாக அங்கேயே இருக்கும் மோதிரம். விரல் பெருத்துவிட்டது, மோதிரம் பெருக்கவில்லை. "முடியாது போம்மா" என்றேன்.

"அப்போ மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க அங்கிள். நீங்க கையை ஆட்டி ஆட்டிப் பேசுவீங்க. மெஷின்ல இருக்கிற செம்புக் காயில் பக்கத்துல போச்சுன்னா மோதிரம் சூடாயிடும்" என்றாள் நிவேதா.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குப் பழக்கமில்லை. சோப்பு போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றிவிட்டேன்.

நிவேதா எங்கள் துவாரகா சொசைட்டியில் மூன்றாவது மாடி. தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது — ஆகவே இங்கே தைரியமாக எழுதுகிறேன். ட்ரோனுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஜினீயர். என்னை அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டது என் நண்பர் செல்லத்துரையை. நான் ஒட்டிக்கொண்டு போனேன்.

செல்லத்துரையும் எங்கள் சொசைட்டிதான், திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். சின்ன வயதில் போலியோ வந்த இடது காலில், முழங்காலுக்குக் கீழே காலிப்பர் மாட்டியிருப்பார். இரண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி, தோல் வார், பக்கிள். நாங்கள் இரண்டு பேரும் தினமும் ஒன்றாகத்தான் மெட்ரோவில் போகிறோம்.

தில்லி மெட்ரோவில் ஏறியிருக்கிறீர்களா? நுழையும்போதே சோதனை. காவலர் கையில் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு கறுப்புத் தடி. உடம்பு முழுக்க அதை ஓட்டுவார். செல்லத்துரையின் இடது காலுக்கு வந்ததும் அது அலறும்.

"பேன்ட் ஊப்பர் கீஜியே."

பின்னால் நூறு பேர் நிற்க, குனிந்து பேன்ட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். தெரிந்த காவலர் சிரித்துவிட்டு விடுவார். புதியவர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. அவர்கள் மேல் தப்பில்லை, அது அவர்கள் வேலை. எனக்குத்தான் தினமும் ரத்தம் கொதிக்கும். செல்லத்துரைக்குக் கொதிக்காது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

ஒருநாள் பக்கத்துப் பெண்கள் வரிசையில் நின்ற நிவேதா இதைப் பார்த்துவிட்டாள். சாயங்காலமே அவரை லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், இன்னும் ஏன் ஸ்டீல்? எங்க மெட்டீரியல்ல பண்ணலாமே!"

காலிப்பர் செய்யும் நிபுணர் ஒருவரைக் கூட்டிவந்து அளவெடுத்தாள். இரண்டு பாகங்கள் தயாராயின. கெண்டைக்காலைத் தழுவிக்கொள்ளும் ஒரு ஓடு, பாதத்துக்கு ஒரு தகடு. கார்பன் நூலும் நைலானும் சேர்ந்த கறுப்புப் பொருள். கையில் எடுத்தால் எடையே இல்லை. இரண்டையும் ஒன்றாக இணைப்பதுதான் சனிக்கிழமை வேலை.

எனக்கு ஒரே கேள்வி. "போல்ட் எங்கே?"

"போல்ட் கிடையாது அங்கிள். வெல்டிங்."

பிளாஸ்டிக்கில் வெல்டிங்காம்! நெருப்பில்லை, பொறியில்லை. அந்தக் காயில், அதாவது செம்புச் சுருள், இணைப்புக்கு மேலே ஊர்ந்து போகுமாம். உள்ளே இருக்கும் கார்பன் நூலில் கரண்ட் பாய்ந்து அது தானாகச் சூடாகுமாம். நடுவில் நைலான் உருகி, அழுத்தி ஆறவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுமாம்.

"எதற்கும் ரெண்டு போல்ட் போட்டுவிடேன்."

"ஓட்டை போட்டா உள்ளே ஓடற நூல் அறுந்துடும். முதல்ல அங்கேதான் உடையும்."

"உனக்கென்ன, நடுரோட்டில் விழப்போவது அவர்தானே?"

செல்லத்துரைக்குப் பொறுக்கவில்லை. "என்னவே, வந்ததுலருந்து போல்ட்டு போல்ட்டுங்கீரு? போல்ட்டு போட்டா அந்தத் தடி மறுபடி கத்தும்லா? பொறவு இதை எதுக்குச் செய்யணும்?"

நான் விடவில்லை. "அதுசரி, கார்பனில் கரண்ட் பாய்கிறது என்கிறாளே. காவலர் கையில் இருப்பதும் காயில்தானே? அப்போது இதுவும் அலறாதா?"

நிவேதா முதல்முறையாக என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள்.

"அச்சா கொஸ்டின் அங்கிள். ஸ்டீல் அளவுக்கு கார்பன்ல கரண்ட் போகாது. அந்தத் தடியும் ரொம்ப வீக். பீப் அடிக்கக்கூடாது. ஆனா… நான் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலை."

செல்லத்துரை குனிந்து வார்களை அவிழ்த்தார். ஸ்டீல் காலிப்பரைக் கழற்றி என் மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார்.

முதலில் ஒத்திகை, துண்டுத் தகடுகளில். முதல் ஜோடி ஓரத்தில் சூடு அதிகமாகி உப்பிப்போனது. "பார்த்தாயா!" என்றேன், சந்தோஷமாக. எவ்வளவு கெட்ட மனசு எனக்கு! சுருளைச் சற்று நகர்த்தி, மூன்றாவது ஜோடியில் சரியாகப் பிடித்தாள். அதை மேசையோரத்து வைஸ் பிடியில் கவ்வவைத்து, "இழுங்க" என்றாள். இழுத்தேன். தொங்கினேன். தொண்ணூறு கிலோ ஐயா நான்! மேசைதான் நகர்ந்தது.

அப்புறம் அசல். சுருள் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அழுத்தினாள். ஆறவிட்டாள். இணைப்பு எங்கே என்று தடவிப் பார்த்தேன்… லேசாக ஒரு மேடு, அவ்வளவுதான். செல்லத்துரை அதை மாட்டிக்கொண்டு பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "சத்தமே இல்லவே" என்றார். பழைய காலிப்பர் நடக்கும்போது கிறீச்சிடும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தில்லிக்காரனுக்குக் கண்ணில் தெரியும் பூட்டில்தான் நம்பிக்கை. தண்ணீர் வைக்கிற இடத்தில் டம்ளரைக்கூடச் சங்கிலி போட்டுக் கட்டுகிற ஊர் இது. நான் மட்டும் வேறு எப்படி இருப்பேன்? கிளம்பும்போது மேசையிலிருந்து நட்டோடு இரண்டு போல்ட் எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஆபத்துக்கு உதவுமே!

வீட்டுக்குள் நடந்து பழகினார். நிபுணரும் பார்த்துச் சரி என்றார். செவ்வாய்க்கிழமை காலை, மெட்ரோ.

வரிசையில் எனக்கு முன்னால் செல்லத்துரை. கழுத்தெல்லாம் வியர்வை. காவலர் பழைய ஆள்தான். தடி தோளில் ஓடியது, இடுப்பில் ஓடியது, இடது காலுக்கு இறங்கியது.

சத்தமில்லை.

காவலர் நின்றார். மறுபடி ஓட்டினார். சத்தமில்லை. தடியைத் தன் பெல்ட் பக்கிளில் வைத்துப் பார்த்தார். அலறியது. தடி நன்றாகத்தான் இருக்கிறது! மூன்றாவது முறை காலில் வைத்தார்.

"ரோஜ் பஜ்தா ஹை… ஆஜ் க்யா ஹுவா?" தினமும் அடிக்குமே, இன்றைக்கு என்ன ஆச்சு?

செல்லத்துரை செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. யாரும் கேட்காமல், தானே பேன்ட்டை முழங்கால் வரை தூக்கினார். "தேக்கியே பாயி சாஹப், தேக்கியே!" பாருங்கள் அண்ணா, பாருங்கள்! காவலரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், எல்லோர் முகத்தையும் பார்த்தார். கறுப்பு ஓடு பளபளத்தது. காவலர் தட்டிப் பார்த்துவிட்டு, "பஹுத் படியா!" பிரமாதம் என்று கை கொடுத்தார். பெண்கள் வரிசையில் நிவேதா இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தாள்.

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. துடைத்துக்கொண்டே சோதனை மேடையில் ஏறினேன். தடி என் பாக்கெட்டுக்கு வந்தது.

அலறியது!

"ஜேப் மே க்யா ஹை?" பாக்கெட்டில் என்ன?

இரண்டு போல்ட், இரண்டு நட். காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் நூறு பேர். "ஜல்தி கரோ அங்கிள்!"

இத்தனை வருஷமாகச் சோதனை முடிந்து அந்தப் பக்கம் நின்று காத்திருந்தது நான். அன்றைக்குச் செல்லத்துரை நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் கை வைத்து, வாயெல்லாம் பல்லாக.

"என்னவே யோசிக்கீரு? பேன்ட்டைத் தூக்கிக் காட்டும்!"