தேடிப் போய் அடிக்கும் மாத்திரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அது தொழில் கோளாறு. கொழுந்து எடுக்கிற என் அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, தினம் ஒன்று போடச் சொல்லி பதுளை ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அன்றைக்கே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்து வாசலில் நின்று ஒரு பிரசங்கம் வைத்தேன்.

"பழைய மருந்து நல்லது கெட்டது பார்க்காம எல்லாத்தையும் அழிக்கும். இது அப்படி இல்ல. வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிச் செஞ்சது. கேன்சரத் தேடிப் போய் அடிக்கும்!"

அடடா, என்ன விளக்கம்! வேலை விட்டு வந்தவர்கள் கூடையைக்கூட இறக்காமல் கேட்டார்கள். அக்காவின் நோயில் கெட்டுப்போயிருந்த ஒரேயொரு புரதத்துக்கென்று செய்த மாத்திரை அது, எல்லாப் புற்றுநோய்க்கும் ஆகாது என்பதை நான் சொல்லவில்லை. இத்தனை பேர் வாயைப் பிளந்து நிற்கும்போது யாருக்கு அதெல்லாம் ஞாபகம் வரும்?

எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் நெத்தலிக் குழம்பு கொதித்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். காய்ச்சல் மாத்திரையும் அப்படித்தான் போகும்.

நாலு மாதம் கழித்துப் பார்த்தால் அக்காவின் இரத்தத்தில் நோய் மறுபடி ஏறியிருந்தது. டாக்டர் துருவித் துருவிக் கேட்டார்.

"பாதிதாங்க போடுறேன். மத்தப் பாதி பக்கத்து வீட்டுக்காரிக்கு. அவளுக்கு மார்ல கட்டிங்க. கிளினிக் வரப் பயப்படுறா" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும், "ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினேன்.

"நீதானே தம்பி சொன்ன, கேன்சரத் தேடிப் போகும்னு? அவளோடத மட்டும் தேடாதா?"

இதில் எங்கே பிழை பிடிப்பது? இரண்டு பெண்களும் என் பாடத்தை ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார்கள். பாடம்தான் அரைகுறை.

அக்கா இனி முழு மாத்திரை போட்டால் சமாளிக்கலாம் என்றார்கள். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துப் போனேன். முதலிலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், இப்போது மார்பையே எடுக்க வேண்டும், வேறு எங்கும் பரவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "எல்லாம் என்னாலதான்" என்று சொல்வதற்குள் அழுதேவிட்டேன்.

அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"விடுங்க சார். பாவம், ஒங்களுக்கு என்னா தெரியும்."