தாய்மாமன் வராத காரணம்

விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ இழப்பீடு கேட்டு எழுத, ஸ்ரீவில்லிபுத்தூரில் சிலர் என்னைத் தேடி வருவார்கள். எனக்காக ஒருமுறை எழுதி வாங்கியதில் தொடங்கிய பழக்கம். கட்டணம் கிடையாது. அதனால் பால்கோவா கொண்டுவருவார்கள். இந்த ஊர்க்காரனுக்கே பால்கோவா.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருக்கும் நண்பர் மட்டும் வெறுங்கையோடு வந்தார். மும்பையில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மதுரையில் விமானம் ரத்தானதால் இவரால் போக முடியவில்லை. வேறு யார் மடியிலோ வைத்துக் குத்திவிட்டார்கள்.

"சீர் செய்யப் பயந்துட்டு வீட்டுலயே இருந்துட்டேன்னு தங்கச்சி சொல்லுதா அண்ணாச்சி. போனையும் எடுக்க மாட்டேங்கா."

விமான நிறுவனத்திடம் டிக்கெட் பணத்தோடு இழப்பீடும் கேட்கலாம் என்றேன்.

"அம்புட்டையும் அவியளே வச்சுக்கிடட்டும். தப்பு எங்களுதுதான்னு தங்கச்சிக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்க."

எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். அவர் வற்புறுத்தியதால் தங்கையின் எண்ணையும் சேர்த்தேன். 'உங்கள் அடுத்த பயணம் இனிதாகட்டும்' என்று பதில் வந்தது. நண்பர் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"தங்கச்சியப் பத்தி ஒண்ணும் போடலையே?"

மறுபடி எழுதினேன். சில நாள் கழித்து அவர் என் வீட்டில் இருந்தபோது கைப்பேசி அடித்தது. தங்கை. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"ஏண்ணே, ஏர்லைன்ஸ்காரன் எனக்குப் போன் போட்டான். முந்தின நாளே ஒனக்குத் தகவல் சொல்லிட்டாங்களாம். நீ ஏர்போர்ட்டுக்கே போகலையாம்!"

நண்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

"யார்ட்ட கதை விடுதேன்னு கேட்டேன். போற பஸ்ஸுக்கு முந்தின பஸ் கெளம்புறதுக்குள்ள போய் நிக்கிற ஆளு எங்க அண்ணன். அவர வீட்டுல இருந்தார்ங்கியான்னு நல்லாக் குடுத்தேன். இழப்பீடு அனுப்புறோம், போனை வைங்கம்மான்னுட்டான்."

"நீயும் அதத்தான ஏட்டி சொன்ன?"

"நான் சொல்லுவேன். அவன் யாரு சொல்ல?"

தங்கையின் குரல் இறங்கியது.

"கடுக்கன் இன்னும் போடல. வந்து மடியில வச்சுப் போட்டுவிடு. பிளேன்ல வராத."

ரயிலுக்குக் கிளம்பும் அன்று நண்பர் என் வீட்டுக்கு வந்தார். ரயிலுக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. கையில் பால்கோவா.

வாங்கிக்கொண்டேன்.