கோல் நின்ற கல்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இலங்கை மலைநாட்டு ஹட்டனுக்குப் போய்க் கஸ்பரிடமே கேட்கலாம். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற ஆள், இதை மட்டும் சிரிக்காமல் சொல்வான்.

ஐம்பத்தேழாம் வருஷப் பெருவெள்ளம் வடிந்து பத்து மாதம் இருக்கும். டயகம பக்கத்தில் ஆற்றை மறித்து அணை கட்டலாமா என்று அளந்துகொண்டிருந்தார்கள். அணை வந்தால் கீழே வெள்ளம் அடங்கும், வயல்களுக்குத் தண்ணீர் கிடைக்கும். ஆனால் ஆற்றோரத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் கடைசி லயம் முழுகுமா, தப்புமா? அந்த லயத்தில்தான் கஸ்பரின் அக்கா மரியநாயகி பிள்ளைகளோடு குடியிருந்தாள். லயம் போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

கஸ்பருக்கு அளவுகோல் பிடிக்கிற வேலை. அடிக்கணக்கு எழுதிய நீளக்கோலை அவன் நிறுத்துவான். சர்வேயர் றோலண்ட் தூரத்திலிருந்து குழாய்க்கண்ணாடியில் பார்த்துக் குறிப்பார். கோலை ஆடாத கல்லின் மேல்தான் வைக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால், மரக்கறிப் பாத்தி ஓரத்தில், தோதாக ஓர் ஆற்றுக்கல் பாதி புதைந்து கிடந்தது. அதன் மேல் வைத்தான்.

வம்பு அங்கேதான் தொடங்கியது. காலையில் ஓர் அளவு. மத்தியானம் வேறு அளவு. ஒவ்வொரு தடவையும் நிலம் கொஞ்சம் மேடாகிக்கொண்டே வந்தது. கோலைக் களவாகத் தூக்கிப் பிடித்தால் அப்படித்தான் காட்டும். நிலம் மேடானால் லயம் தப்பும். றோலண்டுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

“உன் அக்கா வீடு இதுதானே?”

“ஆமாங்க தொரை.”

“நாளைக்கும் தூக்கினா, வேலைக்கு வராதே.”

“மாதா சத்தியமா தூக்கலைங்க.”

செய்யாத களவுக்குக் கஸ்பருக்குப் பேர் வந்தது. லயத்து ஆட்கள் யாரோ கல்லுக்கடியில் மண்ணைத் திணிக்கிறார்கள் என்று நினைத்தான். போய்ப் பார்த்தான். கால்தடம் இல்லை... சுற்றிலும் புல் கலையவில்லை. அக்காவுக்குப் பக்கத்துக் காம்பரா அறையில் தனியாக இருந்த கந்தப்பன் மட்டும் தூரத்தில் நின்று பார்த்தான். என்னவென்று கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

“அந்தக் கல்ல விட்டுரு தம்பி,” என்றாள் அக்கா.

மறுநாள். சாயங்காலம் நாலே முக்கால். பனிமூட்டம் இறங்கிவிட்டது. றோலண்ட் கண்ணாடியை விட்டுவிட்டு நேரே வந்தார்.

“தள்ளு. நானே பிடிக்கிறேன்.”

பிடித்தார்.

டொக்...

கோலின் அடியில் ஒரு தட்டு.

“கஸ்பர், காலை எடு.”

கஸ்பர் ஆறடி தள்ளி நின்றான்.

டொக்... டொக்...

றோலண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு கோலைக் கீழே அழுத்தினார். கோல் மேலே வந்தது.

ஒரு விரல்கடை...

இன்னும் ஒரு விரல்கடை...

கல்லோடு.

அன்று றோலண்ட் மேடான கணக்கையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரைபடத்தில் லயம் தப்பியது.

கல் எழும்பியதைக் கேட்டு, அந்த வாரமே கந்தப்பன் கஸ்பரிடம் வாய் திறந்தான். வெள்ளத்தன்று அவன் மனைவி பேச்சியம்மா மண்சரிவில் போய்விட்டாள். மயானம் அக்கரையில். பாலத்தை ஆறு கொண்டுபோயிருந்தது. தோட்டத்துத் துரைக்குத் தெரியாமல் லயத்துக்குப் பின்னாலேயே புதைத்து, தலைமாட்டில் கல் நட்டார்கள். தெரிந்தால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையிலிருந்து விரட்டிவிடுவார்கள் என்று லயமே வாயை மூடிக்கொண்டது.

இனியாவது முறையாக அடக்கம் செய்யலாமென்று தோண்டினார்கள். கஸ்பரும் மண்வெட்டி பிடித்தான்.

“கை ரெண்டையும் நெஞ்சு மேல வச்சு, நான்தான் துணியால கட்டுனேன்,” என்று கந்தப்பன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மண் விலகியது.

நெஞ்செலும்பின் மேல் அந்தத் துணி மட்டும் கிடந்தது. போட்ட முடிச்சு அவிழவில்லை.

கைகள் இரண்டும் தலைக்கு மேலே நீண்டு, கல்லின் அடியைத் தாங்கியிருந்தன.