உச்சியக்காவின் இரண்டாவது ஊசி

டவர் கிரேனின் கூண்டில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருப்பதால், சைட்டில் எல்லோருக்கும் அவள் உச்சியக்கா. தரையிலிருந்து நாற்பத்தெட்டு மீட்டர். காலையில் ஏணியில் ஏறினால் மாலையில்தான் இறங்குவாள். மதியச் சாப்பாடு கூடக் கயிற்றில் கட்டிய வாளியில் மேலே போய்விடும். தையல் மெஷின் பழுதுபார்க்கும் அவள் கணவர், என் பெண்டாட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ள வேண்டும் என்று கடைக்கு வருபவர்களிடம் சொல்வார்.

நாற்பது வயது வரை இறாலையும் நண்டையும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டவள்தான். நாற்பத்தொன்றில் ஒருநாள் தங்கை வீட்டில் இறால் சாப்பிட்டதும் உதடு தடித்தது. சூடு என்று விட்டுவிட்டாள். அடுத்த முறை நண்டு. உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, தலைச்சுற்றல். ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தாள். வளர்ந்த பிறகும் இது வரும், வந்தால் லேசில் போகாது என்று டாக்டர் சொன்னார். பேனா மாதிரி இருக்கும் அட்ரினலின் ஊசிகள் இரண்டைக் கொடுத்து, இரண்டும் எப்போதும் சேர்ந்தே கையோடு இருக்கவேண்டும் என்றார். நர்ஸ் ஒரு பொம்மை ஊசியை வைத்துத் தொடையில் குத்திப் பழக்கினாள்.

"மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும். மூச்சு அடைச்சா ஊசிதான். போடலாமா வேண்டாமான்னு யோசிச்சிக்கிட்டு நிக்காதீங்க" என்றாள்.

கணவர் கேட்டபோது, சைட்டில் சொல்லிவிட்டதாக உச்சியக்கா சொன்னாள். சொல்லவில்லை. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடா வருடம் உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 'வேறு நோய் ஏதாவது உண்டா' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதிய வெயிலில் கூண்டு அடுப்பு மாதிரி கொதிக்கும், மருந்து கெட்டுப்போகும் என்று ஒரு ஊசியைக் கீழே லாக்கரில் வைத்தாள். மற்றது மேலே, பையில். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அன்று காலை சாப்பாட்டு டப்பாவை அடுப்பு மேடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். கேன்டீனுக்கு போன் செய்து, வறுத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் கேட்டாள். இறால் எதுவும் கலக்கவில்லையே என்றும் கேட்டுக்கொண்டாள். வெறும் கிழங்குதான் என்று சமையல்காரர் சொன்னார். அது உண்மைதான்.

சாப்பிட்டுக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டு டன் கம்பிக்கட்டைத் தூக்கி ஒன்பதாவது மாடிக்குத் திருப்பிக்கொண்டிருந்தபோது உள்ளங்கை அரித்தது. பிறகு காது மடல். வியர்வையாக இருக்கும் என்று நினைத்தாள். நாக்கு கனத்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரு கையால் பையைத் துழாவி அரிப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். விழுங்கவே சிரமமாக இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே, கம்பி இறங்க வேண்டிய இடத்தில் ஆறு பேர் நின்றார்கள். தொங்கும் சுமையை விட்டுவிட்டு கண்ட்ரோலிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்பது முதல் நாள் படித்த பாடம். இதை மட்டும் இறக்கிவிடுவோம், அப்புறம் ஊசி என்று பல்லைக் கடித்தாள்.

கீழே வாக்கி டாக்கியுடன் நின்றவர் சிக்னல்காரர். ஐம்பத்திரண்டு வயது, பருத்த உடம்பு, முழங்கால் வலி. ஏழு வருடமாக அவள் குரலைக் கேட்டே வேலை செய்கிறவர். "இன்னும் ரெண்டு மீட்டர் இடது" என்று அவர் சொன்னதற்கு அவள் பதில் சொன்னாள். அந்தக் குரல் அவளுடையதாக இல்லை.

"என்னம்மா, தொண்டை ஒரு மாதிரி இருக்கு?"

அவள் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப் பார்த்தாள். காற்று விசில் மாதிரி வந்தது.

"அண்ணே, எனக்கு அலர்ஜி. இறால். மூச்சு அடைக்குது."

இரண்டு வருடமாக வாயைத் திறந்து சொல்லாததைச் சொல்ல ஆறு வார்த்தைதான் ஆனது.

அவர் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "பிரேக் போடுங்க. சுமை அப்படியே தொங்கட்டும். ஆளுங்களை நான் விலக்கிக்கிறேன்" என்றார். அடுத்த நொடியே கீழே விசில் கேட்டது. ஆறு பேரும் சிதறி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். ஊசியின் மூடியைப் பிடுங்கி, பேன்ட்டின் மேலேயே தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்தினாள். மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். மருந்து ஏறியதும் இதயம் தாறுமாறாக அடித்தது.

இறங்கிவிடலாம் என்று எழுந்தாள். கண் இருட்டியது. இதற்குள் மேஸ்திரி ஆம்புலன்ஸுக்கு போன் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் பேசிய பெண் சொன்னதையெல்லாம் சிக்னல்காரர் வரி வரியாக மேலே சொன்னார். எழுந்து நிற்கக் கூடாது, ஏணியில் கால் வைக்கவே கூடாது, காலை நீட்டி உட்கார வேண்டும், தலை சுற்றினால் படுத்துக் காலை உயரே வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இரண்டாவது ஊசி.

"இன்னொண்ணு எங்கம்மா இருக்கு?"

"லாக்கர்ல."

 வாக்கி டாக்கியில் பூட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. தீயணைப்பு வண்டி வர இருபது நிமிடம் ஆகுமாம். இளவட்டங்கள் நான் போகிறேன், நான் போகிறேன் என்றார்கள். ஆனால் அவளிடம் பேசிக்கொண்டே போகத் தன்னால்தான் முடியும் என்று சிக்னல்காரர் சொல்லிவிட்டார். ஊசியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டு, பாதுகாப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

கூண்டின் தரையில் காலை நீட்டிக் கிடந்தவளுக்கு அவர் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. "பதினஞ்சு மீட்டர் வந்துட்டேன். கேக்குதா?" அவள் வாக்கி டாக்கி பட்டனை ஒருமுறை அழுத்துவாள். "பாதி ஆச்சு. கேக்குதா?" மறுபடியும் ஒரு அழுத்தல். ஒரு தடவை அவள் அழுத்தவில்லை. அவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஏழு வருடத்தில் அவர் அவளைத் திட்டியது அன்று ஒருநாள்தான். அவள் அழுத்தினாள்.

கதவு திறந்தபோது அவர் முகம் அவள் முகத்தை விட வெளுத்திருந்தது. ஊசியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள் விரலால் காட்டினாள். திருப்பிப் பிடித்து மற்றத் தொடையில் குத்தினார். மூன்று நான்கு நிமிடத்தில் மூச்சின் விசில் சத்தம் தணிந்து, நெஞ்சுக்குள் காற்று இறங்கியது.

தீயணைப்புக்காரர்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கயிற்றில் இறக்கினார்கள். மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எல்லாம் முடிந்தது என்று கண்ணயர்ந்தபோது, தடிப்பும் இளைப்பும் மறுபடி வந்தன. இப்படித் திரும்பி வரும் என்றுதான் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

மறுநாள் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 

"போன மாசம் சிக்னல்காரரைக் கடைத்தெருவுல பார்த்தேன்" என்றார். "உன்னைப் பார்த்துக்கிறதுக்கு நன்றி சொன்னேன். அவரு முழிச்சாரு. கூச்சப்படறாருன்னு நினைச்சிக்கிட்டு வந்துட்டேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்த பிறகும் நாலைந்து நாள் அவர் பேச்சு அளந்துதான் வந்தது.

கேன்டீன் சமையல்காரரும் வந்து பார்த்தார். முதல் நாள் இறால் பொரித்த எண்ணெயிலேயே கிழங்கையும் வறுத்ததாகச் சொல்லித் தலை குனிந்து நின்றார். நீங்கள் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். தனக்கும் அதைக் கேட்கத் தெரியாமல்தான் இருந்தது என்று அவள் சொன்னாள்.

ஒவ்வாமை டாக்டர் தோலிலும் இரத்தத்திலும் பரிசோதனை செய்தார். இறால், நண்டு இரண்டும் ஆகாது. சிப்பி வகை ஆகுமா என்று தனியாகப் பார்க்கும்வரை தொடக் கூடாது. இறால் வேகும் ஆவி பக்கம்கூட நிற்க வேண்டாம். சாதாரண மீனுக்குத் தடையில்லை, ஆனால் பாத்திரமும் எண்ணெயும் தனியாக இருக்க வேண்டும். அடியோடு குணமாக்கும் மருந்து இப்போதைக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். கூண்டில் வைக்க, வெப்பம் தாங்கும் சிறு உறை ஒன்றை எழுதிக் கொடுத்தார். இனி இரண்டு ஊசியும் அதற்குள் சேர்ந்தே இருக்கும்.

கம்பெனி டாக்டர் முன்னால் பழைய படிவத்தை அவளே எடுத்து வைத்தாள். பொய் எழுதியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மூன்று மாதம் மேலே ஏறத் தடை. அந்த மூன்று மாதமும் தரையில் நின்று விசில் ஊதினாள். கழுத்து சுளுக்கியது. சைட்டில் ஐந்து பேருக்கு நர்ஸ் வந்து ஊசி போடப் பழக்கினாள். சிக்னல்காரர் பொம்மை ஊசியை வாங்கித் தன் தொடையிலேயே இருபது தடவை குத்திப் பார்த்தார்.

திரும்பக் கூண்டில் ஏறிய மூன்றாவது வாரம், ஒரு முற்பகலில் மேலுதடு சுருக்கென்றது. வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட்டிருந்தாள். இருந்தும் கான்கிரீட் தொட்டியை உடனே இறக்கி, பிரேக்கைப் போட்டு, உதடு அரிக்கிறது என்று வாக்கி டாக்கியில் சொன்னாள். வேலை நின்றது. ஊசி மடியில் இருந்தது. நாக்கையும் தொண்டையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கீழே மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார். சிக்னல்காரர் நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்.

உதடு காற்றில் வறண்டு வெடித்திருந்தது, அவ்வளவுதான். அவள் அதைச் சொன்னாள்.

"வெண்ணெய் தடவிக்கோங்க. கான்கிரீட் இறுகுது, தூக்குங்க" என்றார் அவர்.